வெள்ளிக்கிழமைப் பொயிலர்

தோர்ண்டன் ஹீத், லண்டன்
12.10.1992

அன்புள்ள அண்ணைக்கு,

தங்கச்சி பியற்றிஸ் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகம். நீங்களும் எமில்டா மச்சாளும் சுகமாக இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு ஞாயிறும் மெழுகுதிரி கொளுத்துகிறேன்.

நான் ஒரு சைவக்காரரை, அதுவும் உங்களுக்குச் சொல்லாமல், கச்சேரியில் கலியாணப் பதிவு செய்து எட்டு வருஷம். அதற்குள் உங்களுக்குப் பதினொரு கடிதம் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. இதிலும் மன்னிப்புக் கேட்டால் இதுவும் குப்பைக்குள் போகும். ஆகையால் இது மன்னிப்புக் கடிதம் இல்லை, பொயிலர் கடிதம். பக்கத்தைத் திருப்புங்கள்.

இங்கே வீட்டுக்கு வீடு பொயிலர். எங்களுடையது குசினிச் சுவரில் தொங்குகிறது, காஸில் எரிவது. அதற்கு இரண்டு வேலை. ரேடியேற்றர் என்ற இரும்புத் தட்டுகளுக்குச் சுடுதண்ணீர் அனுப்பி வீட்டைச் சூடாக்கும். மேல்மாடி அலுமாரியில் ஒரு செப்புத் தாங்கி இருக்கிறது, அதிலுள்ள குளிக்கிற தண்ணீரையும் சூடாக்கும். சூடு போதும் என்றால் தானாக அணைய வேண்டும். இது அணைவதில்லை. தேவையே இல்லாத நேரத்தில் வூம் என்று பற்றி, ஐந்து நிமிஷம் எரிந்து, நின்று, திரும்பவும் வூம். குழாயைத் திறந்தால் கை வேகுது. திருத்த வந்த இரண்டு பேருக்கு முன்னாலும் நல்ல பிள்ளையாக நின்றது. "ஒரு குறையும் இல்லை" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியும் குடித்துப் போனார்கள்.

காங்கேசன்துறையில் இருபத்திரண்டு வருஷம் ஆலைப் பொயிலரோடு நின்ற உங்களை விட்டால் நான் யாரைக் கேட்பேன்? இடம்பெயர்ந்து கொழும்புக்கு வந்த பிறகும் ஒரு சலவை ஆலையில் அதே வேலைதான் என்று மச்சாள் எழுதினா. விலாசம் தந்ததற்கு அவவை ஏச வேண்டாம். பழைய கதைக்கு நீங்கள் பதில் எழுத வேண்டாம். பொயிலருக்கு எழுதுங்கள்.

அன்புத் தங்கச்சி,
பியற்றிஸ்


கொட்டாஞ்சேனை, கொழும்பு
3.11.1992

பியற்றிஸுக்கு,

எமில்டாவுக்குச் சுகம். எனக்கும் குறைவில்லை. உன் கடிதத்தின் முதல் பக்கத்தை வாசிக்கவில்லை. இரண்டாம் பக்கத்தை வாசித்தேன்.

குசினிச் சுவரில் பொயிலர் தொங்குகிறது என்று எழுதியிருக்கிறாய். எங்களுடையது ஒரு லொறியளவு. அதை எந்தச் சுவரில் தொங்கவிடலாம் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். சரி, சின்னதோ பெரியதோ, ஒன்றை மனதில் வை. பொயிலர் தன்பாட்டில் எரியாது. யாரோ சூடு கேட்கிறார்கள், அது கொடுக்கிறது. உன் வீட்டில் கேட்பது இரண்டு பேர், ரேடியேற்றரும் தாங்கியும். யார் தேவையில்லாமல் கேட்பது என்று முதலில் பார்க்க வேண்டும்.

வீட்டுச் சூட்டுக்குச் சுவரில் ஒரு திருகு இருக்குமே, அதை அடிமட்டத்துக்குத் திருப்பு. பிறகும் பற்றினால், ரேடியேற்றர் எல்லாவற்றையும் கையால் தொட்டுப் பார். ஒரு கொப்பி எடுத்து, எந்த நாள், எத்தனை மணிக்குப் பற்றுகிறது என்று எழுது. ஊகித்து எழுதாதே. பார்த்து எழுது.

இப்படிக்கு,
ம. செபமாலைமுத்து


தோர்ண்டன் ஹீத்
29.11.1992

அன்புள்ள அண்ணைக்கு,

சுகம், சுகம். மழையும் இருட்டும்தான் இங்கே பெரிய வருத்தம். உங்கள் முழங்கால் நோவு எப்படி என்று எழுதவில்லையே.

கவுன்சிலுக்கு எழுதுவதுபோல முழுப் பெயரில் கையெழுத்து வைத்திருக்கிறீர்கள். பரவாயில்லை, கையெழுத்தாவது வந்தது. கடிதத்தைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு மூன்று நாள் வேலைக்குப் போய்வந்தேன்.

சொன்னபடி செய்தேன். திருகை அடிமட்டத்துக்கு விட்டேன். வீடு குளிர்ந்து, கம்பளிச் சட்டை இரண்டு போட்டுக்கொண்டு இருந்தோம். ரேடியேற்றர் எல்லாம் பிணம்போலக் கிடக்க, பொயிலர் வூம். மேலே ஓடிப்போய்த் தாங்கியைத் தொட்டால் நெருப்பு. ஆகவே கேட்கிற ஆள் தாங்கிதான். தாங்கியின் வயிற்றில் சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி, நாடாபோன்ற ஒரு சுருள் கம்பியால் கட்டியிருக்கிறது. அதிலிருந்து வயர் போகிறது. அது என்ன?

கொப்பியில் ஒரு அதிசயம் இருக்கிறது. மூன்று கிழமையாக எழுதினேன். திங்கள் தொடக்கம் வியாழன் வரை ஒரு குழப்பமும் இல்லை. வெள்ளி மாலை ஏழு மணி போலத் தொடங்குகிறது. சனி முழுக்க எரிகிறது. ஞாயிறு காலை நான் பூசைக்கு வெளிக்கிடுவதற்கு முன் அடங்கிவிடுகிறது. எங்களுடையது வேதக்காரப் பொயிலர் போலிருக்கிறது, கடன் திருநாளில் பூசை தவறுவதில்லை. திருத்த வந்தவர்கள் இரண்டு பேரும் செவ்வாய்க்கிழமையில் வந்தவர்கள்.

அன்புத் தங்கச்சி,
பியற்றிஸ்


கொட்டாஞ்சேனை
20.12.1992

தங்கச்சி பியற்றிஸுக்கு,

முழங்கால் அப்படியே இருக்கிறது. எமில்டாவுக்குத் தடிமனும் இருமலும். நத்தார் வாழ்த்து.

உன் கொப்பியை இரண்டு தரம் வாசித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய். வெள்ளைப் பெட்டிதான் தெர்மோஸ்டாற். தாங்கியின் உடம்போடு ஒட்டியிருந்து, சூடு போதும் என்று பொயிலருக்குச் சொல்வது அதன் வேலை. அது சொல்லாவிட்டால் பொயிலருக்குத் தெரியாது.

இரும்புக்கும் செம்புக்கும் கிழமை தெரியாது. வெள்ளியில் தொடங்கி ஞாயிறில் முடிகிறது என்றால் அது மனிதர் வேலை. மற்ற நாளில் இல்லாத ஏதோ ஒன்று அந்த இரண்டு நாளும் வீட்டில் இருக்கிறது. உன் வீட்டிலிருக்கிற அந்த ஆள் கிழமை நாட்களில் பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட், வெள்ளி மாலையிலிருந்துதான் வீட்டில் தங்குவது என்று எமில்டா சொன்னா. படம் கீறுகிறவனுக்கு மிசினில் என்ன வேலை? கை வைக்காமல் இருக்கச் சொல்.

செபமாலைமுத்து


தோர்ண்டன் ஹீத்
21.2.1993

அண்ணைக்கு,

இரண்டு மாதம் எழுதாமல் விட்டது வேண்டுமென்றுதான்.

அந்த ஆளுக்கு ஒரு பெயர் இருக்கிறது. குகதாசன். எட்டு வருஷமாக என்னோடு ஒரு வீட்டில் இருக்கிறவர். நான் காய்ச்சலில் கிடந்தால் கஞ்சி காய்ச்சித் தருகிறவர். அவர் பொயிலரில் கை வைப்பதில்லை. வீட்டில் எது பிழைத்தாலும் அவரைச் சாட்டுவதானால் எனக்கு உங்கள் உதவி வேண்டாம் என்று எழுதி, கிழித்து, திரும்ப எழுதி, திரும்பக் கிழித்தேன். இது ஐந்தாவது தாள்.

உங்கள் கடிதத்தை அவருக்குக் காட்டாமல் தலையணை உறைக்குள் வைத்திருந்தேன். உறை மாற்றும்போது கண்டுவிட்டார். கோபப்படுவார் என்று பயந்தேன். வாசித்துவிட்டு மடித்துத் தந்தார். பிறகு, "உம்மட அண்ணை கேட்டதில பிழையில்லை. ஆறாயிரம் மைல் தள்ளி இருக்கிற மனிசன் பாராமல் எப்பிடிச் சொல்லுறது? நான் கீறி அனுப்புறன்" என்றார்.

போன சனிக்கிழமை முழுக்க அந்த அலுமாரிக்கு முன்னால் முக்காலியில் இருந்தார். நில அளவைத் திணைக்களத்தை விட்ட பிறகு அவர் பென்சில் சீவி நான் பார்க்கவில்லை. அடிமட்டம், அளவு நாடா எல்லாம் வைத்து, தாங்கி, குழாய், வெள்ளைப் பெட்டி, மேல் தட்டில் மடித்து வைத்த துவாய் வரைக்கும் கீறிவிட்டார். தோசை மாப் பானையையும் விடவில்லை. இந்தக் குளிரில் குசினியில் வைத்தால் மா பொங்காது. வெள்ளி பின்னேரம் அரைத்துத் தாங்கியோடு நெருக்கி வைத்தால்தான் ஞாயிறு விடிய வெளியே எடுத்து வைத்து, பூசை முடிந்து வந்து சுடலாம். இங்கே எங்கள் ஆட்கள் எல்லார் வீட்டிலும் இதுதான் வழக்கம். "பொயிலர்ப் படத்தில பானை என்னத்துக்கு?" என்று கேட்டேன். "உள்ளதைக் கீறோணும்" என்றார்.

படம் இத்துடன். மடிப்பு விழாமல் இருக்க மட்டை வைத்திருக்கிறேன்.

பியற்றிஸ்


கொட்டாஞ்சேனை
14.3.1993

அன்புள்ள தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். நீயும் வீட்டிலுள்ளவரும் சுகம் என்று நம்புகிறேன்.

போன கடிதத்தில் நான் எழுதியது முறையில்லை. எமில்டா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை, அதனால் மட்டும் இதை எழுதவில்லை.

படம் கிடைத்தது. மேசையில் விரித்து நாலு மூலைக்கும் தம்ளர் வைத்துப் பார்த்தேன். ஒரு கோடும் தடுமாறவில்லை. அளவு எழுதிய விதம், குழாய்க்கு நிழல் போட்ட விதம், எல்லாம் பழைய ஆட்களுடைய கை. ஆலைக்குக் கொண்டுபோய் எங்கள் இன்ஜினியருக்குக் காட்டினேன். "யார் கீறினது?" என்று கேட்டார். "எனக்குத் தெரிஞ்ச ஆள்" என்றேன்.

குறை இன்னும் பிடிபடவில்லை. எனக்குச் சில விபரம் தேவை. வீடு எந்தத் திசை பார்த்தது? ஜன்னலால் பார்த்தால் என்ன தெரியும்? நீ என்ன வேலைக்குப் போகிறாய், எத்தனை மணிக்கு? இரவில் என்ன சாப்பிடுகிறீர்கள்? ஞாயிறு பூசைக்குத் தனியாகப் போகிறாயா? அவர் கூட வருவதென்றால் கோயிலுக்குள்ளே வருவாரா, வெளியே நிற்பாரா? பொயிலருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதே. சுடுதண்ணீர்ச் செலவு வீட்டுப் பழக்கத்தைப் பொறுத்தது.

கொப்பியை நிறுத்தாதே.

அண்ணன்


தோர்ண்டன் ஹீத்
4.4.1993

அன்புள்ள அண்ணைக்கு,

இன்று குருத்தோலை ஞாயிறு. நல்ல சுகத்தோடு இருந்து எழுதுகிறேன். உங்கள் கடிதத்தில் கடைசியில் "அண்ணன்" என்று இருந்தது. அந்த ஒரு சொல்லைப் பார்த்து நான் குசினியில் நின்று அழுதேன். அதைச் சொல்லாமல் விட எனக்கு ஏலாது.

கேட்டவற்றுக்குப் பதில். வீடு மேற்குப் பார்த்தது. முன் ஜன்னலால் பஸ் நிறுத்தமும் எதிர்வீட்டுக் கிழவரின் ரோசாவும் தெரியும். குரொய்டனில் ஒரு தையல் பட்டறையில் திரைச்சீலை தைக்கிறேன். காலை ஏழே காலுக்கு ரயில். இரவில் பாண், சில நாள் புட்டு. வெள்ளியில் அவர் மச்ச மாமிசம் சாப்பிடார், நானும் சாப்பிடேன், அதில் எங்கள் இரண்டு சமயமும் ஒற்றுமை.

பூசைக்கு அவரும் வருவார். உள்ளேதான். கடைசி வரிசை வாங்கில் இருப்பார், நெற்றியில் திருநீறோடு. முதல் ஞாயிறு எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பங்குச் சுவாமியார் பூசை முடிந்து வந்து கை கொடுத்தார், அதோடு எல்லாரும் பழகிவிட்டார்கள். நான் நற்கருணை நன்மை எடுக்கப் போகும்போது என் கைப்பையையும் குடையையும் மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். இன்று தந்த குருத்தோலையைக் கொண்டுவந்து தன் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் செருகியிருக்கிறார்.

இதெல்லாம் பொயிலருக்கு உதவுமா, அண்ணை?

அன்புத் தங்கச்சி,
பியற்றிஸ்


கொட்டாஞ்சேனை
2.5.1993

அன்புள்ள தங்கச்சிக்கு,

சுகம். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. எமில்டா உன் கடிதத்தைச் சத்தமாக வாசித்தா. குடையை மடியில் வைத்திருக்கும் இடத்தில் நிறுத்தித் திரும்பவும் வாசித்தா.

விபரம் உதவுகிறது. இன்னும் வேண்டும். திரைச்சீலை தைக்கிற மிசின் கால் மிசினா, மின்சாரமா? அம்மாவின் மிசின் மாதிரியா? எதிர்வீட்டுக் கிழவர் உங்களோடு கதைப்பாரா? தோசைக்கு என்ன சம்பல்? அவர் திரும்பவும் படம் கீறுகிற வேலைக்கு முயற்சி செய்தாரா? அந்தக் கை பெற்றோல் நிலையத்தில் சில்லறை எண்ணுவது சரியில்லை.

அண்ணன்


தோர்ண்டன் ஹீத்
23.5.1993

அன்புள்ள அண்ணைக்கு,

மின்சார மிசின். கிழவர் கதைப்பார், நாயைப் பற்றி மட்டும். செத்தல் மிளகாய்ச் சம்பல். வேலைக்கு ஒன்பது இடத்தில் கேட்டார், கிடைக்கவில்லை, இப்போது கேட்பதை விட்டுவிட்டார். உங்கள் கடிதத்தில் அந்த வரியை வாசித்துவிட்டு எழும்பித் தோட்டத்துக்குப் போனவர், கனநேரம் உள்ளே வரவில்லை.

ஆனால் அண்ணை, உங்கள் கடிதத்தில் பொயிலரைப் பற்றி ஒரு வரி இல்லை. கோடை வந்து ரேடியேற்றர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். இது வெள்ளிக்கு வெள்ளி தவறாமல் எரிகிறது. உங்களுக்கே பிடிபடாவிட்டால் ஒருவருக்கும் பிடிபடாது. கழற்றி எறிந்துவிட்டுப் புதிது பூட்டச் சொல்லிவிட்டேன். ஜூன் பன்னிரண்டாம் திகதி ஆள் வருகிறான். நீங்கள் இவ்வளவு பாடுபட்டது வீணாகப் போனதே என்றுதான் கவலை.

அன்புத் தங்கச்சி,
பியற்றிஸ்


கொட்டாஞ்சேனை
1.6.1993

பியற்றிஸ்,

சுகம் விசாரிக்க நேரமில்லை. இதை எக்ஸ்பிரஸில் போடுகிறேன். பொயிலரைக் கழற்ற விடாதே. அதில் ஒரு குறையும் இல்லை. பானையை எடு.

பானையின் வாய் விளிம்பு வெள்ளைப் பெட்டிக்கு அடியில் செருகி, அதைத் தாங்கியிலிருந்து தூக்கிப் பிடிக்கிறது. செம்பைத் தொடாத பெட்டிக்குத் தாங்கி எப்போதும் பச்சைத் தண்ணீர்தான். சூடு வேண்டும், வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். ஞாயிறு காலை நீ மாவை எடுக்க, சுருள் கம்பி இழுத்து, பெட்டி பழையபடி ஒட்டிக்கொள்ளும். வேறொன்றும் இல்லை.

இது எனக்கு எப்போது தெரியும் என்று கேட்பாய். படத்தை விரித்துப் பத்து நிமிஷத்தில் தெரியும். தெரிந்துகொண்டே பிடிபடவில்லை என்று எழுதினேன். பதினொரு கிழமை உன்னை ஏமாற்றினேன். குறையைச் சொல்லிவிட்டால் நீ எழுத வேறு காரணம் இருக்காது, எனக்கும் இருக்காது. எட்டு வருஷம் வாயைப் பூட்டி வைத்தவனுக்குத் திறக்க வேறு வழி தெரியவில்லை, தங்கச்சி. பொயிலரைப் பற்றி என்றால் எழுத வருகிறது.

அந்த முதல் பக்கத்தையும் அன்றே வாசித்தேன். அதற்கு முந்திய பதினொன்றும் என்னிடம் இருக்கின்றன. தொண்ணூறில் ஓடும்போது உடுப்புப் பெட்டியை விட்டுவிட்டேன், அவற்றை விடவில்லை. நான் உனக்குச் செய்தது பிழை. எழுதிவிட்டேன்.

இன்னொன்று. படத்தில் பெட்டிக்கும் தாங்கிக்கும் நடுவில் ஒரு இடைவெளி கீறி, "முக்கால் அங்குலம்" என்று அளவும் போட்டிருக்கிறது. அளந்தவருக்கு அது என்னவென்று விளங்காமல் போயிருக்குமா? குகதாசனைக் கேட்டு எழுது.

அண்ணன்


தோர்ண்டன் ஹீத்
13.6.1993

அன்புள்ள அண்ணைக்கு,

இன்று அந்தோனியார் திருநாள். உங்களுக்கும் மச்சாளுக்கும் பெரிய மெழுகுதிரியாகக் கொளுத்தினேன்.

கடிதம் வியாழக்கிழமை வந்தது. ஆளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வெள்ளி மாலை மாவை அரைத்துப் பானையை அலுமாரிக்கு வெளியே வைத்துவிட்டு, கொப்பியோடு குசினியில் இருந்தேன். ஒன்பது மணி வரை வூம் இல்லை. சனி முழுக்க இல்லை. எனக்கு முதலில் சந்தோசம், பிறகு சிரிப்பு, பிறகு வந்தது பாருங்கள் கோபம்.

அவரைப் பிடித்துக் கேட்டேன். மூக்கைச் சொறிந்தார். "கீறேக்கையே தெரியும்" என்றார். "அப்ப ஏன் சொல்லேல்லை?" "சொன்னால் உம்மட அண்ணை என்னத்தைக் கண்டுபிடிக்கிறது? அவர் கண்டுபிடிக்கட்டும் எண்டுதான் அளவும் போட்டு அனுப்பினனான். பிறகு பாத்தால் அவர் தோசைக்குச் சம்பல் கேக்கிறார். சரி, அவருக்கும் விளங்கீற்றுது எண்டு பேசாமல் இருந்திட்டன்."

இரண்டு பேருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. நான் ஒரு விசரி, மாடிக்கும் குசினிக்கும் ஓடி ஓடி முழுக் கொப்பி எழுதினேன். கொப்பியை உங்களுக்கே அனுப்புகிறேன், வைத்து வாசியுங்கள்.

நேற்று மாலை அவர் பானையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் ஏறினார். "எங்க கொண்டுபோறியள்?" என்று கேட்டேன். "பழைய இடத்திலயே வைப்பம். பொயிலர் சரியெண்டால் உம்மட அண்ணை எழுதுவாரோ, என்னவோ" என்றார். அவர் பகிடிக்குச் சொல்லவில்லை, அண்ணை. எனக்கும் அதே பயம்தான். பானை இப்போது நடுப்படியில் நிற்கிறது. உள்ளே வைப்பதா, வெளியே வைப்பதா? நீங்களே சொல்லுங்கள்.

அன்புத் தங்கச்சி,
பியற்றிஸ்


கொட்டாஞ்சேனை
24.6.1993

அன்புள்ள தங்கச்சிக்கும் மச்சானுக்கும்,

பானையை வெளியே வையுங்கள்.

நாங்கள் இருவரும் சுகம். முழங்காலும் பரவாயில்லை. எமில்டா கேட்கிறா, ஒரு சுண்டு உழுந்துக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று. மச்சானின் படத்துக்குக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறோம். வருகிறவர்கள் எல்லாரும் பானையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பத்தாவது இடத்திலும் வேலை கேட்கச் சொன்னேன் என்று அவருக்குச் சொல்.

பொயிலரைப் பற்றி எழுத இந்த முறை ஒன்றும் இல்லை. ஆனாலும் எழுதிவிட்டேன், பார்.

அன்பு அண்ணன்,
முத்து